டைனோசர் காலத்துச் சிறு பாலூட்டிகளும் சோஃபியா கியெலான்-யாவொரோவ்ஸ்காவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலூட்டிகளின் தொடக்க காலம் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஒரே மாதிரியான கேள்விகள் வந்து விழுகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் விடை தேடிப் போனால், போலந்து நாட்டுத் தொல்லுயிரியலாளர் ஒருவரின் மேசையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் அவரை நடுவில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

யார் இந்த சோஃபியா?

1925இல் போலந்தில் பிறந்தவர், 2015இல் மறைந்தார். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டிருந்தபோது, வார்சாவில் தலைமறைவாக நடந்த வகுப்புகளில் விலங்கியல் படித்தார். 1944 வார்சா எழுச்சியில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி செய்யும் பிரிவில் இருந்தார். போருக்குப் பின் படிப்பை முடித்து, போலந்து அறிவியல் கழகத்தின் தொல்லுயிரியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பிறகு 1982 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அதன் இயக்குநராகவும் இருந்தார். பின்னாளில் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

அவர் தொடங்கியது பாலூட்டிகளில் அல்ல. முதல் பதினைந்து ஆண்டுகள் டிரைலோபைட்டுகள், கடற்புழுக்களின் நுண்ணிய தாடைகள் என்று முதுகெலும்பில்லாத உயிர்களோடுதான் கழிந்தன. நுண்ணோக்கியின் கீழ் மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளைப் பிரித்துப் பார்த்துப் பழகிய கை அது. பிற்கால வேலைக்கு அந்தப் பழக்கம்தான் அடித்தளம் என்று நினைக்கிறேன்.

டைனோசர் காலத்தில் பாலூட்டிகள் இருந்தனவா? அவை அழிந்த பிறகுதானே வந்தன?

இருந்தன. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ஏறத்தாழ 20.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வேல்ஸில் மார்கனுகோடான் என்ற எலி போன்ற பிராணி வாழ்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாலூட்டிகளின் வரலாற்றில் மூன்றில் இரண்டு பங்கு டைனோசர்களின் காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. யானை, திமிங்கிலம், குரங்கு, மனிதன் எல்லாம் மிச்சமுள்ள ஒரு பங்குக்குள் வந்தவை.

அந்த இரண்டு பங்குக் காலத்தைப் பலர் வெறும் காத்திருப்பாகவே நினைக்கிறார்கள். டைனோசர் காலடியில் மிதிபடாமல் ஒளிந்து வாழ்ந்த ஒரே மாதிரியான எலிக்கூட்டம் என்று. அது தவறு. சீனாவில் கிடைத்த காஸ்டரோகாடா தட்டை வாலோடு நீந்தியது. வோலாட்டிகோதீரியம் தோல் விரித்து மரத்துக்கு மரம் மிதந்தது. ரெபனோமாமஸ் என்ற இன்னொன்றின் வயிற்றுப் பகுதியில் குட்டி டைனோசரின் எலும்புகளே கிடைத்தன. இவையெல்லாம் இந்த நூற்றாண்டில் வெளிவந்த செய்திகள். இந்தக் காலகட்டத்தைத் தனியாக உட்கார்ந்து ஆராயலாம், அதற்குரிய சரக்கு இருக்கிறது என்று 1960களிலேயே காட்டியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் சோஃபியா.

‘பாலூட்டிகளின் முன்னுறவினர்’ என்று யாரைச் சொல்கிறீர்கள்? முதுகில் பாய் விரித்த டிமெட்ரோடானையா?

ஆம், அதுவும் சேர்த்திதான். பொம்மைக் கடைகளில் டைனோசரோடு சேர்த்து விற்றாலும் டிமெட்ரோடான் டைனோசர் அல்ல. டைனோசர்கள் தோன்றுவதற்குச் சில கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது மறைந்துவிட்டது. கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டில் பக்கத்துக்கு ஒரு துளை உள்ள சினாப்சிட் என்ற கிளை அது. நாமும் அந்தக் கிளைதான். அதிலிருந்து தெராப்சிட், சைனோடான்ட் என்று படிப்படியாக வந்து பாலூட்டியில் முடிகிறது.

இந்தப் பயணத்தில் என்னை எப்போதும் வியக்க வைப்பது காது. பல்லி, முதலையின் கீழ்த்தாடையில் பல எலும்புகள் உண்டு. நமக்கு ஒன்றே ஒன்று. மற்றவை எங்கே போயின? தாடை மூட்டாக இருந்த இரண்டு எலும்புகள் சுருங்கிச் சுருங்கி நடுச்செவிக்குள் போய், பள்ளிப் பாடத்தில் படித்த சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் ஆயின. அங்கவடி எலும்பு முன்பே காதில் இருந்தது. 1837இல் ரைஷர்ட் என்ற ஜெர்மானியர் பன்றிக் கருக்களை அறுத்துப் பார்த்து இந்த உறவைச் சொன்னார், அப்போது கையில் புதைபடிவச் சான்று இல்லை. மார்கனுகோடானில் அது கிடைத்தது: பழைய மூட்டும் புதிய மூட்டும் ஒரே தாடையில் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தன. இன்றும் கங்காருவைப் போன்ற பைப் பாலூட்டியான ஒப்போசத்தின் புதிதாகப் பிறந்த குட்டிக்கு இந்தக் காதெலும்புகள் தாடையோடு ஒட்டியே இருக்கின்றன; வளரும்போதுதான் பிரிகின்றன.

போலந்துக்காரர் மங்கோலியாவுக்கு ஏன் போனார்?

1920களில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் குழு கோபி பாலைவனத்தில் பயன் ஸக் என்ற செம்பாறைச் சரிவில் டைனோசர் முட்டைகளோடு சில பாலூட்டி மண்டையோடுகளையும் எடுத்திருந்தது. டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலப் பாலூட்டி என்றால் உதிரிப் பல்லும் தாடைத் துண்டும்தான் என்றிருந்த நாளில் முழு மண்டையோடு பெரும் செல்வம். பின்னர் அரசியல் காரணங்களால் மேற்கு நாட்டவர்க்கு அந்த வழி அடைபட்டது. 1940களில் சோவியத் குழு போனது. அவர்கள் கவனம் பெரிய எலும்புகளில் இருந்தது.

சோவியத் அணியைச் சேர்ந்த நாடுகள் என்பதால் போலந்துக்கும் மங்கோலியாவுக்கும் இடையே உடன்பாடு சாத்தியமானது. 1963 முதல் 1971 வரை போலந்து-மங்கோலியக் கூட்டுக் குழுக்கள் கோபிக்குப் போயின. அவற்றை ஏற்பாடு செய்து தலைமை தாங்கியவர் சோஃபியா. ஹல்ஷ்கா ஓஸ்மூல்ஸ்கா, தெரேசா மரியான்ஸ்கா, மக்தலேனா போர்சுக்-பியாவினிட்ஸ்கா என்று குழுவின் முக்கிய ஆய்வாளர்களில் பலர் பெண்கள். அந்தக் காலத்தில் எந்த நாட்டுக் களப்பயணத்திலும் இது அரிது.

கைக்குள் அடங்கும் மண்டையோட்டைப் பாலைவனத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தோண்டி அல்ல. தரையைப் பார்த்துப் பார்த்து.

பயன் ஸக்கில் மென்மையான செம்மணற்கல் காற்றிலும் மழையிலும் கரையும்போது, உள்ளே இறுகிப்போன சிறு கட்டிகள் மட்டும் கரையாமல் சரிவில் உருண்டு கிடக்கும். அப்படிக் கிடப்பவை ஏராளம். பெரும்பாலானவை வெறும் கல். அபூர்வமாக ஒன்றில் வெள்ளையாக ஒரு கீற்று, அல்லது பளபளப்பான ஒரு புள்ளி தெரியும். எலும்பும் பல் எனாமலும் அப்படித்தான் தம்மைக் காட்டிக்கொடுக்கும். முழங்காலிட்டு, ஒவ்வொரு கட்டியையும் கையில் எடுத்துத் திருப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துப் போட வேண்டும். நிமிர்ந்து நடப்பவர் கண்ணுக்கு இது அகப்படாது.

கிடைத்ததும் வேலை முடிவதில்லை. அந்தக் கட்டியை வார்சாவுக்குக் கொண்டுபோய், நுண்ணோக்கியின் கீழ் ஊசி முனையால் மணலை அகற்ற வேண்டும். ஒரு மண்டையோட்டுக்கே வாரக்கணக்கில் ஆகும். 1970இல் நெமெக்ட் பள்ளத்தாக்கின் குல்சனிலும், ஹெர்மீன் ட்சாவிலும் பாலூட்டிகள் உள்ள செம்பாறைகளைக் குழு கண்டது. அதன் பிறகு வார்சாவில் சேர்ந்த கிரெட்டேசியஸ் பாலூட்டித் தொகுப்புக்கு அன்று உலகில் ஈடில்லை.

அவர் எழுதிய பாலூட்டிகளில் பாதிப் பெயர்கள் ‘பாட்டார்’ என்று முடிகின்றனவே, அவை என்ன?

கிரிப்டோபாட்டார், நெமெக்ட்பாட்டார், சுல்சன்பாட்டார், கேட்டாப்ஸ்பாட்டார். மங்கோலிய மொழியில் பாட்டார் என்றால் வீரன். இவையெல்லாம் மல்டிடியூபர்குலேட் என்ற குழு: கடைவாய்ப் பற்களில் வரிசை வரிசையாகக் குமிழ்கள் உள்ளவை, முன்னால் எலிக்கு இருப்பது போன்ற நீண்ட வெட்டுப் பற்கள். கிரிப்டோபாட்டாரின் மண்டையோடு சுமார் 3 செ.மீ.; சுல்சன்பாட்டாருடையது அதைவிடச் சிறியது.

பார்க்க எலி மாதிரி, ஆனால் எலியோடு எந்த நெருங்கிய உறவும் இல்லை. மெல்லும் முறையே எதிர்த்திசை. எலி கீழ்த்தாடையை முன்னோக்கித் தள்ளி அரைக்கிறது; இவை பின்னோக்கி இழுத்து அரைத்தன. 1995இல் ரஷ்ய உடற்கூறு அறிஞர் பீட்டர் கம்பர்யனோடு சேர்ந்து, தாடை எலும்பில் தசை ஒட்டிய தழும்புகளை ஒவ்வொன்றாகத் தேடி, எந்தத் தசை எங்கே இழுத்தது என்று சோஃபியா எழுதினார். மெல்லும் தசை தாடையில் வழக்கத்தைவிட மிக முன்னால் வந்து ஒட்டியிருந்தது. பின்னோக்கி இழுக்க அதுதான் வசதி.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்த குழு இது. பாலூட்டிகளில் இவ்வளவு நீண்ட வாழ்வு வேறெதற்கும் இல்லை. டைனோசரை அழித்த பேரழிவையும் தாண்டி, ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் மறைந்தது.

அவை முட்டையிட்டனவா, குட்டி போட்டனவா? எலும்பை வைத்து எப்படிச் சொல்ல முடியும்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சோஃபியாவின் வேலை எப்படிப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதிலும் பார்க்க முடியாது.

கிரிப்டோபாட்டாரின் இடுப்பெலும்பை முன்னாலிருந்து பாருங்கள். இரு பக்க எலும்புகளும் கீழே ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல மிகக் குறுகிய கோணத்தில் சந்திக்கின்றன. சந்திக்கும் இடத்தில் வெறுமனே தொட்டுக்கொண்டில்லை. ஒன்றாக இறுகி, அடியில் ஒரு விளிம்பாக நீண்டிருக்கின்றன. பல பாலூட்டிகளில் பிரசவத்தின்போது இந்த இணைப்பு தளர்ந்து வழி விரியும். இங்கே விரிய வாய்ப்பே இல்லை. மிஞ்சும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான்.

1979இல் அவர் வைத்த வாதம் இதுதான். ஓடுள்ள முட்டை, அதற்குள் குஞ்சு வளர்வதற்கு வேண்டிய உணவு முழுவதையும் சுமக்க வேண்டும். ஆகவே அது ஓர் அளவுக்குக் கீழே சிறுக்க முடியாது. அப்படிப்பட்ட முட்டை இந்த வழியில் வராது. எனவே இவை குட்டி போட்டிருக்க வேண்டும், அந்தக் குட்டியும் இன்றைய கங்காரு வகைக் குட்டிகளைப் போல மிகச் சிறியதாக, முதிராததாக இருந்திருக்க வேண்டும். ஒரு எலும்பின் கோணத்திலிருந்து கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பிரசவம் வரை போய்விட்டார்.

இந்தக் கதை அங்கே முடியவில்லை. 2022இல் லூகாஸ் வீவரும் அவருடைய குழுவினரும் மல்டிடியூபர்குலேட் தொடையெலும்புகளை மெல்லிய சீவல்களாக அறுத்து, எலும்புத் திசு எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். கருப்பையில் நீண்ட நாள் இருந்து, சீக்கிரம் பால் மறக்கும் விலங்குகளின் தடம் அதில் இருப்பதாகச் சொன்னார்கள். அதாவது கங்காரு வகையைவிட நம் வகைக்கு நெருக்கமான வளர்ச்சி. இடுப்பெலும்பு ஒன்று சொல்கிறது, தொடையெலும்பு வேறொன்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்து விளக்கும் பதிலுக்காக நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.

நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளைப் பற்றி என்ன கண்டார்?

நஞ்சுக்கொடி உள்ள நம் கிளையைச் சேர்ந்தவையும் அதே பாறைகளில் கிடைத்தன: கென்னலெஸ்டஸ், அசியோரிக்டஸ், ஸலம்ப்டலெஸ்டஸ், பருன்லெஸ்டஸ். கங்காரு, ஒப்போசம் வகைகளுக்கு இடுப்பெலும்பிலிருந்து வயிற்றுப் பக்கம் நீளும் இரண்டு குச்சி எலும்புகள் உண்டு; நமக்கு இல்லை. 1975இல் சோஃபியா, இந்தப் பழைய பிராணிகளின் இடுப்பெலும்பில் அந்தக் குச்சி எலும்பு பொருந்துவதற்கான இடம் இருப்பது போலத் தெரிகிறது என்று எழுதினார். எலும்பே கிடைக்கவில்லை, அது உட்கார்ந்த இடம் மட்டும்தான்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1997இல், மீண்டும் கோபிக்குப் போகத் தொடங்கியிருந்த அமெரிக்க அருங்காட்சியகக் குழு உகாத்தீரியத்திலும் ஸலம்ப்டலெஸ்டஸிலும் அந்த எலும்புகளையே எடுத்துக் காட்டியது. நம் கிளையின் ஆதிப் பிராணிகளும் பெரிய குட்டியை நீண்ட நாள் சுமந்தவை அல்ல என்ற எண்ணத்துக்கு இது வலு சேர்த்தது. வயிற்றுச் சுவரை விறைப்பாக வைக்கும் எலும்பு இருக்கும்வரை வயிறு பெரிதாக விரிய இடமில்லை அல்லவா.

மண்டையோடுகளை அறுத்து அழித்துவிட்டார் என்கிறார்களே?

சிலவற்றை, தெரிந்தே செய்தார். நெமெக்ட்பாட்டார், சுல்சன்பாட்டார் மண்டையோடுகளை மெல்லிய அடுக்குகளாகச் சீவி, ஒவ்வொரு அடுக்கையும் பதிவுசெய்து, உள்ளே ஓடிய இரத்தக் குழாய்களின் பாதையை மீட்டெடுத்தார். இராபர்ட் பிரெஸ்லி, செசில் பொப்ளின் ஆகியோருடன் 1986இல் அது வெளியானது. அன்று உள்ளே பார்க்க வேறு நம்பகமான வழி இல்லை. இன்று சி.டி. ஸ்கேன் அந்த வேலையைக் கீறல் இல்லாமல் செய்கிறது. ஒரே ஒரு மாதிரி கையில் இருந்து அதை அறுத்திருந்தால் நானும் வருத்தப்பட்டிருப்பேன். நல்ல தொகுப்பு கையில் இருந்ததால்தான் சிலவற்றைக் கொடுக்க முடிந்தது.

மூளையின் வடிவத்தையும் பார்த்தார். மண்டைக்குள் நிரம்பி இறுகிய மணலே மூளையின் அச்சாகிவிடும். முகர்வுக்கான முன்பகுதி நன்கு பெருத்திருந்தது. மூக்கை நம்பி வாழ்ந்த பிராணிகள்.

எல்லா விஷயத்திலும் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. நடை விஷயத்தில் கடும் கருத்து வேறுபாடு. 1994இல் அவரும் கம்பர்யனும், மல்டிடியூபர்குலேட்டுகள் கால்களைப் பக்கவாட்டில் அகற்றி வைத்து நடந்தன என்றார்கள். அடுத்த ஆண்டே பால் செரினோவும் மால்கம் மெக்கென்னாவும் மங்கோலியாவில் கிடைத்த தோள் எலும்புகளைக் காட்டி, முன்கால்கள் உடலுக்குக் கீழே நேராக இருந்தன என்றார்கள். 2006இல், எண்பது வயது தாண்டியும், சோஃபியா தன் வாதத்தை விரிவாக எழுதினார். இரண்டு பக்கமும் எலும்பைத்தான் காட்டுகின்றன. ஆனால் நசுங்கிப்போன சிறு மூட்டுகளிலிருந்து அசைவைக் கணிப்பது கடினமான காரியம். முழு நிமிர்வும் இல்லாமல் முழு அகல்வும் இல்லாமல் இடையில் எங்கோ இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

விஷமுள்ள பாலூட்டிகள் என்பது உண்மையா?

முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸில், ஆணின் பின்காலில் விஷமுள் இருப்பது தெரிந்ததே. அந்த முள்ளைத் தாங்கும் சிறு எலும்பு மல்டிடியூபர்குலேட்டுகளிலும், வேறு சில பழைய பாலூட்டிகளிலும் இருந்ததை யோர்ன் ஹூரும், ஷெ-ஷி லுவோ ஆகியோருடன் 2006இல் சோஃபியா காட்டினார். முள் பழங்காலச் சொத்து, நம் கிளை பிற்பாடு அதை இழந்தது என்பது அவர்கள் முடிவு. விஷப்பை கல்லில் பதியாது. முள்ளைத் தாங்கிய எலும்பு மட்டும் சான்று.

பற்களின் ‘இரட்டைத் தோற்றம்’ என்பது என்ன?

நம் கிளையின் பழைய கடைவாய்ப் பல் அரிவாள்மனையும் அம்மியும் ஒன்றாக அமைந்த கருவி: ஒரே கடியில் வெட்டவும் அரைக்கவும் செய்யும். இப்படிப்பட்ட பல் வடக்குக் கண்டங்களில் ஒருமுறை தோன்றிப் பரவியது என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 1990களின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலும் மடகாஸ்கரிலும் எதிர்பாராத பழமையோடு அதே அமைப்புள்ள பற்கள் கிடைத்தன. 2001இல் லுவோ, ரிச்சர்ட் சிஃபெல்லி, சோஃபியா மூவரும், வடக்கில் ஒருமுறையும் தெற்கில் தனியாக இன்னொரு முறையும் இந்தப் பல் உருவானது என்று வாதிட்டார்கள். தெற்குக் கிளையின் வழி வந்தவையாக அவர்கள் சொன்னது முட்டையிடும் பாலூட்டிகளான பிளாட்டிபஸையும் எக்கிட்னாவையும். எதிர்ப்பு இன்றும் உண்டு. இதே மூவர் 2004இல் வெளியிட்ட பெருநூல்தான் இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் முதலில் புரட்டுவது.

டைனோசர் எதுவும் கண்டுபிடித்தாரா?

1965இல் அவர் கண்ணில் பட்டவைதான் டைனோகைரஸின் கைகள், ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் நீளம். உடம்பு எப்படி இருக்கும் என்பது 2014 வரை புதிராகவே இருந்தது. 1971இல் ஒன்றையொன்று பற்றியபடி இறந்த வெலாசிராப்டரும் புரோட்டோசெராடாப்ஸும் அவர் குழுவுக்குக் கிடைத்தன. உலகம் இவற்றைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அவர் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டது சிறு மண்டையோடுகளை.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. தெலங்கானாவில் கோதாவரிப் படுகையின் கோட்டா பாறைகளில் கிடைத்த மல்டிடியூபர்குலேட் ஒன்றுக்கு 2013இல் வருண் பார்மர், ஜி.வி.ஆர். பிரசாத், தீபக் குமார் ஆகியோர் இண்டோபாட்டார் ஸோஃபியே என்று பெயரிட்டார்கள். இந்தியாவிலிருந்து அறிவிக்கப்பட்ட முதல் மல்டிடியூபர்குலேட் அது. பெயரின் பிற்பகுதி இவரைக் குறிக்கிறது. டெக்கான் எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடைப்பட்ட படிவுகளிலிருந்து பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988இலேயே டெக்கனோலெஸ்டஸ் என்ற கிரெட்டேசியஸ் பாலூட்டியை அறிவித்திருந்தார்கள்.

நம் ஊர் முறை கோபி முறை அல்ல. மண்ணையும் களிக்கல்லையும் மூட்டை மூட்டையாக எடுத்து, நீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் கழுவி, காய்ந்த எச்சத்தை நுண்ணோக்கியின் கீழ்த் தூரிகை முனையால் தள்ளித் தள்ளிப் பொறுக்க வேண்டும். மூட்டைக்கு ஒரு பல் தேறினாலே நல்ல நாள். இண்டோபாட்டாரும் அப்படிப் பொறுக்கிய பல்லை வைத்துத்தான் அறியப்பட்டது. அதன் இடுப்பையோ காதையோ பற்றிப் பேச வேண்டுமானால் பல் போதாது. கோட்டா பாறைகளிலிருந்து ஒரு மண்டையோடாவது வர வேண்டும்.